மூன்று மணி நேரமும் மூன்று மாதமும்

ஒரு நாட்டின் தலைநகரில் தீவிரவாதிகள் தாக்குதல் நடத்தினால், மறுநாள் செய்தித்தாள்கள் எழுதுவது எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மக்கள் அஞ்சவில்லை, இயல்பு வாழ்க்கை திரும்பியது என்று எழுதுவார்கள். லண்டன் என்றால் லண்டன்காரரின் நிதானம், பாரிஸ் என்றால் பாரிஸ்காரரின் துணிச்சல். இந்தப் பாராட்டில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. மறுநாள் வேலைக்குக் கிளம்புகிறவன் துணிச்சலால் கிளம்புகிறானா, சம்பளம் பிடித்துவிடுவார்களே என்று கிளம்புகிறானா என்பதை யாரும் அவனிடம் கேட்டு எழுதுவதில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். எந்த விஷயத்தையும் அது நடந்த தேதியோடு மூடிவைக்காமல், பின்னால் வந்து சேர்ந்த காகிதங்களையும் புரட்டிப் பார்ப்பது பழகிப்போன குணம். 2015 நவம்பர் 13 அன்று பாரிஸில் நடந்த தாக்குதலுக்குப் பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது புரட்டிப் பார்க்கும்போது சாதாரண மக்கள் நடந்துகொண்ட விதத்தை இரண்டு பகுதிகளாகப் பிரிக்கத் தோன்றுகிறது. முதல் மூன்று மணி நேரம் ஒன்று, அடுத்த மூன்று மாதம் இன்னொன்று. முதல் பகுதியில் அந்த ஊர் மக்களிடம் குறை காண எதுவுமில்லை. இரண்டாவது பகுதியைப் பற்றித்தான் நாம் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. 9.20 மணியளவில் சேன் தெனியில் உள்ள பெரிய விளையாட்டரங்கின் வாசலில் முதல் குண்டு வெடித்தது. உள்ளே பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் கால்பந்துப் போட்டி, ஏறக்குறைய 80,000 பார்வையாளர்கள், அவர்களோடு அதிபர் பிரான்சுவா ஒல்லாந்து. அடுத்த சில நிமிடங்களில் நகரத்தின் 10ஆம், 11ஆம் வட்டாரங்களில் உணவகங்களின் வெளித்திண்ணையில் அமர்ந்திருந்தவர்களைச் சுட்டார்கள். பிறகு பத்தக்லான் இசையரங்கத்துக்குள் புகுந்தார்கள். அங்கே மட்டும் 90 பேர். மொத்தம் 130 உயிர்கள், 400க்கு மேல் காயம். நள்ளிரவு தாண்டி ஏறத்தாழ 12.20க்குக் காவல் படையினர் பத்தக்லானுக்குள் கடைசித் தாக்குதலைத் தொடங்கினார்கள். கணக்குப் போட்டால் ஏறத்தாழ மூன்று மணி நேரம்.

அந்த மூன்று மணி நேரத்தில் சாதாரண மக்கள் என்ன செய்தார்கள்?

கதவைத் திறந்தார்கள். தெருவில் யார் துப்பாக்கியோடு நிற்கிறார்கள், எத்தனை பேர், எங்கே போகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாத நேரம். காவல்துறை வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்கிறது. அப்போது 'போர்த் உவெர்த்', அதாவது 'திறந்த கதவு' என்ற இரண்டு சொற்களைச் சமூக ஊடகத்தில் போட்டு, தெருவில் மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம் என்று முன்பின் தெரியாதவர்களை மக்கள் அழைத்தார்கள். டாக்சி ஓட்டுநர்கள் பலர் மீட்டரை அணைத்துவிட்டு ஆட்களைக் காசு வாங்காமல் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முதலில் சுடப்பட்ட உணவகங்களுக்கு எதிரிலேயே சேன் லுயி மருத்துவமனை. நகரம் முழுவதும் மருத்துவர்களும் தாதியரும் கூப்பிடும்வரை காத்திராமல், அன்று முறை இல்லாதவர்களும்கூட, பணிக்கு ஓடிவந்தார்கள். பத்தக்லானில் காவலாளியாக இருந்த அல்ஜீரியாவில் பிறந்த ஒருவர், தான் தப்பித்து ஓடாமல், அவசர வழிக் கதவைத் திறந்து பலரை வெளியே அனுப்பினார். விளையாட்டரங்கத்திலிருந்து வெளியேறிய கூட்டம் சுரங்க வழியில் தேசிய கீதத்தைப் பாடிக்கொண்டே நடந்தது. ஜெர்மனி வீரர்கள் பாதுகாப்புக் கருதி இரவு அரங்கத்திலேயே தங்க நேர்ந்தபோது, பிரெஞ்சு வீரர்கள் அவர்களைத் தனியே விட்டுப் போகாமல் உடனிருந்தார்கள்.

இவற்றையெல்லாம் வீரம் என்று சொல்லலாம். எனக்கு அதைவிட ஒரு சின்ன விஷயம்தான் கண்ணில் படுகிறது. அந்த மூன்று மணி நேரத்தில் கதவைத் தட்டியவனிடம் யாரும் நீ யார், எந்த ஊர், என்ன மதம், அடையாள அட்டை எங்கே என்று கேட்டு நிற்கவில்லை. கேட்க நேரமில்லை. பயந்த முகம் ஒன்று வாசலில் நிற்கிறது, உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். மனிதனுக்கு யோசிக்க நேரம் இல்லாதபோது அவன் பெரும்பாலும் நல்லவனாகத்தான் இருக்கிறான் என்பது என் அனுபவம்.

நமக்கு அப்போது நள்ளிரவு தாண்டி 1.50. புதுச்சேரி தூங்கிக்கொண்டிருந்தது. தீபாவளி முடிந்து நான்காம் நாள், மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த வாரம். விடியற்காலையில் தொலைக்காட்சியைப் போட்டவர்கள் எல்லோரும் தொலைபேசியை எடுத்தோம். பிரான்சில் ஒருவராவது இல்லாத தெரு நம் ஊரில் எத்தனை இருக்கும், சொல்லுங்கள்! அவர்களில் பலர் தினமும் நடமாடும் இடம் லா ஷப்பேல். நம் மளிகைக் கடைகளும் புடவைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் வரிசையாக இருக்கும் அந்த போபூர் சேன் தெனி தெருவும், முதல் துப்பாக்கிச் சூடு நடந்த அலிபேர் தெருவும் ஒரே 10ஆம் வட்டாரத்தில்தான் உள்ளன. நடந்தே போய்விடலாம். நாங்களும் என் பெரியப்பா குடும்பத்தைக் கூப்பிட்டோம். எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். "நாங்க நல்லா இருக்கோம் சித்தப்பா, நீங்க மாத்திரை போட்டுக்கிட்டுப் படுங்க" என்றான் அண்ணன் மகன். அங்கே அப்போது இன்னும் விடியவில்லை. அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான்.

அடுத்த நாட்களில் நடந்தவை உங்களுக்கும் நினைவிருக்கும். இரத்தம் கொடுக்க மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். இப்போதைக்குப் போதும், பிற்பாடு வாருங்கள் என்று சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று. ரிபப்ளிக் சதுக்கத்தில் பூக்கள், மெழுகுவத்திகள். அங்கே பூ வைக்க வந்த 77 வயது மூதாட்டி ஒருவர் தொலைக்காட்சியில் பேசினார். கொன்றவர்கள் சில ஆயிரம் பேர், தம் மதத்தை அமைதியாகப் பின்பற்றும் இலட்சக்கணக்கான முஸ்லிம்கள் நம்மவர்கள், அவர்களோடு நாம் உறவாடுவோம் என்ற பொருள்படச் சொன்னார். மனைவியைப் பத்தக்லானில் பறிகொடுத்த ஆந்துவான் லெரிஸ் என்ற பத்திரிகையாளர், கைக்குழந்தையோடு தனியாக நின்ற நிலையில், என் வெறுப்பு உங்களுக்குக் கிடைக்காது என்று கொலையாளிகளுக்கு ஒரு மடல் எழுதினார். உலகமே அதைப் படித்தது.

ஆனால் அதே ரிபப்ளிக் சதுக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை யாரோ பட்டாசு வெடித்த சத்தம் கேட்டதும், கூடியிருந்தவர்கள் பூவையும் மெழுகுவத்தியையும் மிதித்துக்கொண்டு ஓடினார்கள். உணவகங்களுக்குள் புகுந்து மேசைக்கு அடியில் ஒளிந்தார்கள். இரண்டு நாள் கழித்து, எல்லோரும் உணவகத்துக்கு வாருங்கள் என்று அழைப்பு வந்தபோது அவர்களில் பலர் திரும்பவும் வெளித்திண்ணையில் போய் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். காப்பி குடிப்பதும் ஒரு வீரமா என்று கேலி செய்தவர்கள் உண்டு. சுடப்பட்டவர்கள் செய்துகொண்டிருந்ததும் அதைத்தானே? முதுகைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு அந்த வாரம் அங்கே உட்கார மனதில் ஏதோ ஒன்று வேண்டும். ஓடியவனும் உட்கார்ந்தவனும் ஒரே ஆள்தான். பயப்படவே இல்லை என்று பேசுவது மேடைக்கு மட்டும் பொருந்தும்.

இனி மூன்று மாதக் கதைக்கு வருகிறேன்.

தாக்குதல் நடந்த இரவே அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அல்ஜீரியப் போர்க் காலத்தில், 1955இல் இயற்றிய சட்டம் அது. நவம்பர் 20ஆம் தேதிச் சட்டம் அதை மேலும் மூன்று மாதம் நீட்டித்தது. கீழவையில் ஆதரவு 551, எதிர்ப்பு 6. மூன்று மாதம் என்று தொடங்கிய அவசரநிலை கடைசியில் 2017 நவம்பர் 1 அன்றுதான் முடிவுக்கு வந்தது. முதல் சில மாதங்களில் நீதிபதியின் உத்தரவு இல்லாமலே 3,000க்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் தொழுகைக் கூடங்களிலும் சோதனை போட்டார்கள். அவற்றில் தீவிரவாத வழக்காக முடிந்தவை மிகச் சில.

அவசரநிலை என்ற சொல்லைக் கேட்டதும் நம் வயதுக்காரர்களுக்கு 1975 ஞாபகம் வராமல் இருக்காது. அப்போது நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அலுவலகத்தில் எல்லோரும் பத்து மணிக்கு முன்பே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். ரயில் நேரத்துக்கு வருகிறது, இதுதான் நல்லாட்சி என்று மகிழ்ந்தவர்களும் எங்களில் இருந்தார்கள். நம் வீட்டுக் கதவைத் தட்டாதவரை அவசரநிலை யாருக்கும் வலிப்பதில்லை. பிரான்சிலும் அப்படித்தான். பெரும்பாலோர் அதை ஆதரித்தார்கள். ராத்திரியில் யாருடைய கதவு உடைக்கப்பட்டதோ அவர்களுக்குத்தான் அதன் அர்த்தம் தெரிந்தது.

அடுத்து வந்தது குடியுரிமை விவகாரம். இது நம் ஊரோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நவம்பர் 16 அன்று வெர்சாய் அரண்மனையில் கூடிய இரு அவைகளின் முன்னால் அதிபர் ஒல்லாந்து ஒரு யோசனை வைத்தார். தீவிரவாதக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் இரட்டைக் குடியுரிமை உடையவராக இருந்தால், பிரான்சிலேயே பிறந்தவரானாலும் அவருடைய பிரெஞ்சுக் குடியுரிமையைப் பறிக்கலாம் என்று அரசியலமைப்பைத் திருத்துவது. கருத்துக் கணிப்புகளில் மிகப் பெரும்பான்மையான மக்கள் இதற்கு ஆம் என்றார்கள்.

கொலைகாரனின் குடியுரிமை போனால் நமக்கென்ன என்று தோன்றும். சட்டத்தைப் படித்தவன் வேறு மாதிரி பார்ப்பான். ஒரே குற்றம், ஒரே மண்ணில் பிறந்த இருவர். ஒருவனுடைய தாத்தா அந்த ஊர்க்காரர் என்பதால் அவன் முழுப் பிரெஞ்சுக்காரன், இன்னொருவனுடைய தாத்தா வேறு ஊரிலிருந்து வந்தவர் என்பதால் அவன் திருப்பி அனுப்பக்கூடிய பிரெஞ்சுக்காரன். குடிமக்களில் இரண்டு தரம் வந்துவிடுகிறது. நீதி அமைச்சராக இருந்த கிறிஸ்தியான் தொபிரா இதை ஏற்க முடியாமல் 2016 ஜனவரி 27 அன்று பதவி விலகினார். அவர் பிறந்தது தென் அமெரிக்காவில் உள்ள கயான். நம் ஊரைப் போலவே அதுவும் பிரெஞ்சுக் காலனியாக இருந்த மண். அந்த அம்மாவுக்கு இது உறைத்ததில் வியப்பில்லை.

நமக்கும் உறைக்க வேண்டும். 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, நம் மக்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அவர் சொல்தா, இந்தோசீனாவில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர். என் அப்பா கொடுக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில், ஒரு காகிதத்தால் ஒருவர் பிரெஞ்சுக்காரர், ஒருவர் இந்தியர். குடியுரிமை என்பது இரத்தத்தில் ஓடுவதில்லை, காகிதத்தில் இருப்பது என்று எங்கள் வீட்டில் சின்ன வயதிலேயே தெரிந்துபோயிற்று. காகிதத்தில் இருப்பதைக் காகிதத்தாலேயே எடுத்துவிடலாம் என்பதும் அதனால்தான் பயமாக இருக்கிறது.

இதே 2015 ஜனவரியில் நடந்ததையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யூதர்களின் கடை ஒன்றில் துப்பாக்கிக்காரன் புகுந்தபோது, அங்கே வேலை பார்த்த மாலி நாட்டு முஸ்லிம் இளைஞர் லசானா பத்திலி வாடிக்கையாளர்களைக் கீழ்த்தளக் குளிர் அறையில் ஒளித்துக் காப்பாற்றினார். பதினோரு நாளில் அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வழங்கினார்கள். நான் முன்பு சொன்ன பத்தக்லான் காவலாளிக்கும் பின்னால் வழங்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஒருவர் சொந்தமாகக் கருதப்பட, அவர் ஒரு முறை உயிரைப் பணயம் வைத்துக் காட்ட வேண்டுமா? சும்மா வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கும் அவருடைய தம்பி என்ன செய்வார்?

அண்ணன் மகன் அந்த டிசம்பரில் போனில் சொன்னதை மறக்க முடியவில்லை. அவன் பாரிஸ் அருகில் பிறந்தவன், பிரெஞ்சுதான் அவனுக்குக் கனவில் வரும் மொழி. "மெட்ரோவுல ஏறினா எல்லாரும் என் பையையே பாக்கறாங்க சித்தப்பா. இப்பல்லாம் பையைத் திறந்து மடியில வெச்சுக்கிட்டுத்தான் உக்காரறேன், உள்ள சாப்பாட்டு டப்பாதான் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியட்டும்னு" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பார்த்தவர்கள் கெட்டவர்களா? இல்லை. நவம்பர் 13 இரவு அவன் வந்து கதவைத் தட்டியிருந்தால் அவர்களே உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்திருப்பார்கள். யோசிக்க நேரம் கிடைத்த பிறகுதான் அவர்களுக்கு அவனுடைய நிறம் கண்ணில் பட்டது.

இதற்கு மாறான ஒன்றும் உண்டு. காரைக்காலைச் சேர்ந்த என் நண்பர், கூட வேலை பார்த்தவர், முஸ்லிம். அவருடைய மகள் பாரிஸ் புறநகர் ஒன்றில் இருக்கிறாள். முக்காடு போடுகிற பெண். தாக்குதலுக்குப் பிறகு வெளியே போகவே தயங்கினாளாம். கீழ்வீட்டில் தனியாக இருக்கும் பிரெஞ்சுப் பாட்டி மூன்றாம் நாள் கதவைத் தட்டி, எனக்குக் கால் வலி, ரொட்டிக் கடைக்குத் துணைக்கு வருகிறாயா என்று கேட்டாராம். பிறகு தினமும் கேட்டாராம். அந்தப் பாட்டிக்குக் கால் வலி இருந்ததா என்பது இன்றுவரை தெரியாது என்று சொல்லி நண்பர் சிரிப்பார். மூன்று மாதத்துக்கான வீரம் என்று நான் இதைத்தான் சொல்வேன். இதைப் படமெடுக்க யாரும் வரமாட்டார்கள்.

நம் தலைநகரத்திலும் நாம் இதே பரீட்சையை எழுதியிருக்கிறோம். 2005 அக்டோபர் 29, தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, தில்லியில் சரோஜினி நகர்க் கடைத்தெருவிலும் பஹார்கஞ்சிலும் குண்டுகள் வெடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோவிந்தபுரியில் ஒரு பேருந்தில் சந்தேகத்துக்குரிய பையைக் கண்டதும், ஓட்டுநர் பயணிகளை இறக்கிவிட்டுப் பையை அப்புறப்படுத்தினார். பயணிகள் பிழைத்தார்கள், அவர் பார்வையை இழந்தார். இது முதல் மூன்று மணி நேரத்து மனிதன். பிறகு ஆட்களைப் பிடித்தார்கள். நாமும் பிடித்துவிட்டார்கள் என்று திருப்திப்பட்டு வேறு செய்திக்குப் போனோம். 2017 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. குண்டு வைத்த குற்றம் எவர் மீதும் நிரூபிக்கப்படவில்லை. இரண்டு இளைஞர்கள் ஏறத்தாழ 12 ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு முற்றிலும் நிரபராதிகளாக வெளியே வந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் நீதி இல்லை, இவர்களுக்கும் இல்லை. நம் அவசரத்தால் யாருக்கு என்ன இலாபம்?

பிரெஞ்சுக்காரர்கள் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். 2021 செப்டம்பரில் தொடங்கி 2022 ஜூன் வரை, பத்து மாதம், அந்தத் தாக்குதல் வழக்கைத் திறந்த நீதிமன்றத்தில் நடத்தினார்கள். பிழைத்தவர்களும் உறவை இழந்தவர்களும் ஒவ்வொருவராக வந்து பேசினார்கள், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். குடியுரிமைத் திட்டத்தையும் 2016 மார்ச் 30 அன்று அதிபரே கைவிட்டார். கோபம் தணிந்தபின் அந்த நாடு தன் சட்டப் புத்தகத்திடம் திரும்பிப் போயிற்று.

நம்மைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நம் கையில் இருப்பது வாய்தான், இப்போது கூடவே கைப்பேசி. அந்த வாரம் கனடாவில் வசிக்கும் ஒரு சீக்கிய இளைஞரின் படத்தை யாரோ திருத்தி, கையில் குர்ஆனும் உடம்பில் வெடிகுண்டு அங்கியும் இருப்பதுபோலச் செய்து, இவன்தான் பாரிஸ் கொலையாளி என்று பரப்பினார்கள். ஸ்பெயின் நாளிதழ் ஒன்று அதை முதல் பக்கத்திலேயே போட்டது. தலைப்பாகையும் தாடியும் போதுமானதாக இருந்தது. அந்தப் படத்தை அனுப்பியவர்களில் தாத்தா பாட்டிகளும் இருந்திருப்பார்கள். வந்ததை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவதில் நம் வயதுக்காரர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. அடுத்த முறை அப்படி ஒன்று வந்தால் விரலை ஒரு நாள் அடக்கி வையுங்கள். காலையில் கடற்கரையில் நடக்கும்போது யாராவது "இவங்களே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால், எவர்கள், எத்தனை பேர், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பழைய எழுத்தர்களுக்குக் குறிப்பு எழுதிக் கோப்பைத் திருப்பி அனுப்பத் தெரியாதா என்ன?

பள்ளியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த மூன்று பிரெஞ்சுச் சொற்கள் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். முதல் இரண்டையும் சட்டம் போட்டுக் கொடுக்கலாம், சட்டம் போட்டுப் பறிக்கவும் செய்யலாம். மூன்றாவதற்கு அரசாங்கத்தில் துறை கிடையாது, மனுப் போட்டு வாங்கவும் வழியில்லை. அதை அந்தக் கீழ்வீட்டுப் பாட்டியைப் போல யாராவது தினமும் படியேறிப் போய்த்தான் செய்ய வேண்டும், கால் வலித்தாலும் வலிக்காவிட்டாலும்.